முயலின் சிறுநீரகம் முதல் ஆறு மாத ஊசி வரை



சென்ற காலாண்டில் நம் சமுதாயக் கூடத்தில் நடந்த பி.பி. பரிசோதனை முகாமில், வந்தவர்களின் அளவுகளை நோட்டில் எழுதும் வேலை எனக்கு. பி பிளாக் நண்பர் ஒருவர் வந்து உட்கார்ந்தார். எழுபதைத் தாண்டியவர். தினமும் காலையில் நம் பூங்காவைப் பத்துச் சுற்று சுற்றுபவர். கருவி 178/104 என்று காட்டியது. செவிலியர் அவரை ஐந்து நிமிடம் அமைதியாக உட்காரவைத்து மறுபடியும் பார்த்தார். பெரிய மாற்றமில்லை. "மாத்திரை ஒழுங்கா சாப்பிடுறீங்களா ஐயா?" என்று அந்தப் பெண் கேட்டார்.

"ரெண்டு மாசமா நிறுத்தி வச்சிருக்கேன்மா. பதினோரு வருஷமா தினம் ரெண்டு மாத்திரை. கணக்குப் போட்டா எட்டாயிரத்தைத் தாண்டுது. இப்போ ஆறு மாசத்துக்கு ஒரு ஊசி வரப்போகுதாம். ஜீனையே ஆஃப் பண்ணிடுமாம். வாட்ஸ்அப்ல வீடியோ வந்துச்சு. அது வந்ததும் போட்டுக்கலாம்னு இருக்கேன்."

அவர் அனுமதியோடுதான் இதை எழுதுகிறேன். அவர் சொன்ன ஊசி கட்டுக்கதை அல்ல. அதற்குப் பின்னால் நூறு வருடத்துக்கு மேற்பட்ட உழைப்பு இருக்கிறது. ஆனால் அந்த வீடியோ ஊசியைச் சொன்னதே தவிர, அது வந்த வழியைச் சொல்லவில்லை. வழி தெரிந்தால், அவர் மாத்திரையை நிறுத்தியிருக்க மாட்டார் என்று நினைக்கிறேன். நான் மருத்துவர் அல்ல. முப்பது வருடம் உயிரியல் பாடம் நடத்தியவன். அந்த முறையிலேயே இந்தக் கதையைச் சொல்கிறேன்.

அளக்கத் தெரியாத காலம்

ரத்தத்துக்கு அழுத்தம் உண்டு என்பதை முதலில் அளந்து காட்டியவர் ஒரு பாதிரியார். இங்கிலாந்தின் ஸ்டீபன் ஹேல்ஸ், ஒரு பெண் குதிரையின் தமனியில் குழாயைச் செருகி, அதோடு நீண்ட கண்ணாடிக் குழாயை இணைத்தார். ரத்தம் 8 அடி 3 அங்குல உயரத்துக்கு ஏறியது. இதை அவர் 1733-இல் வெளியிட்டார். குதிரைக்குச் செய்ததை மனிதருக்குச் செய்ய முடியுமா? அதற்கு மேலும் 160 வருடங்கள் காத்திருக்க வேண்டியிருந்தது. 1896-இல் இத்தாலிய மருத்துவர் ரிவா-ரோச்சி, கையில் சுற்றிக் காற்றடிக்கும் பட்டையைக் கொண்டுவந்தார். 1905-இல் ரஷ்ய மருத்துவர் கொரோட்கோவ், பட்டைக்குக் கீழே ஸ்டெதாஸ்கோப்பை வைத்து, ஓசை எழும் இடத்தையும் மறையும் இடத்தையும் குறித்தார். மேல் அளவு, கீழ் அளவு என்று நாம் இன்று சொல்லும் இரண்டு எண்களும் அப்படி வந்தவை.

அளக்கத் தெரிந்த பிறகும், அது கூடினால் ஆபத்து என்று ஒப்புக்கொள்ள மருத்துவ உலகம் வெகுகாலம் எடுத்துக்கொண்டது. வயதாக ஆகக் குழாய்கள் தடிக்கும், அவற்றில் ரத்தத்தைத் தள்ள உடம்புக்குக் கூடுதல் அழுத்தம் வேண்டும், அதைக் குறைத்தால்தான் கெடுதல் என்று நம்பிய பெரிய மருத்துவர்கள் இருந்தார்கள்.

இதற்கு உலகம் கொடுத்த விலைக்கு ஓர் உதாரணம் அமெரிக்க ஜனாதிபதி பிராங்க்ளின் ரூஸ்வெல்ட். 1944 மார்ச்சில் இதய மருத்துவர் ஹோவர்ட் புரூயன் அவரைச் சோதித்தபோது அழுத்தம் 186/108. உப்பைக் குறைத்தார்கள், ஓய்வெடுக்கச் சொன்னார்கள், இதயத்துக்கு டிஜிடாலிஸ் கொடுத்தார்கள். அழுத்தத்தைப் பிடித்து நிறுத்தும் நல்ல மருந்து கையில் இல்லை. 1945 பிப்ரவரியில் யால்டா மாநாட்டின்போது அது 260/150. ஏப்ரல் 12 அன்று பகலில், தலையின் பின்பக்கம் கடுமையாக வலிக்கிறது என்றார். சற்று நேரத்தில் நினைவு தப்பியது. அப்போது அளந்தது 300/190. மூளையில் ரத்தக்கசிவு. அன்றே இறந்தார். வயது 63. உலகிலேயே அதிகாரம் மிகுந்த நோயாளிக்குக் கிடைக்காத ஒன்று, இன்று நம் தெருமுனை மருந்துக் கடையில் கிடைக்கிறது. இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

அந்த இருட்டில் முதலில் வந்த வெளிச்சங்களில் ஒன்று நம் நாட்டு மூலிகை. சர்ப்பகந்தா வேர் அழுத்தத்தைக் குறைப்பதை 1931-இல் கல்கத்தாவில் கணநாத் சென்னும் கார்த்திக் சந்திர போஸும் எழுதினார்கள். 1949-இல் பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல், 50 நோயாளிகளுக்கு அதைக் கொடுத்துப் பார்த்த முடிவை ஒரு பிரிட்டிஷ் இதழில் வெளியிட்டார். 1952-இல் ஸ்விட்சர்லாந்தில் அந்த வேரிலிருந்து ரெசர்பின் என்ற பொருளைப் பிரித்தெடுத்தார்கள். 1958-இல் உப்பைச் சிறுநீரில் வெளியேற்றும் தயசைடு மாத்திரைகள் வந்தன. குறைத்தால் உயிர் பிழைக்கிறார்கள் என்பது 1967-இலும் 1970-இலும் அமெரிக்க முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளின் ஆய்வுகளில்தான் ஐயமற நிரூபணமானது.

மறந்துபோன முயல் பரிசோதனை

இப்போது கதையின் மையத்துக்கு வருவோம். 1898-இல் ஸ்டாக்ஹோமின் கரோலின்ஸ்கா நிறுவனத்தில் ராபர்ட் டிகர்ஸ்டெட் என்ற பேராசிரியரும் பெர் பெர்க்மன் என்ற அவர் மாணவரும் ஒரு முயலின் சிறுநீரகத்தை அரைத்து, அதன் சாற்றை இன்னொரு முயலின் சிரையில் செலுத்தினார்கள். முயலின் ரத்த அழுத்தம் ஏறியது. சிறுநீரகத்தில் ஏதோ ஒன்று இருக்கிறது என்று அதற்கு ரெனின் என்று பெயர் வைத்தார்கள். டிகர்ஸ்டெட் பிறகு ஹெல்சிங்கிக்குப் போய்விட்டார். கட்டுரையை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

36 வருடம் கழித்து, 1934-இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் ஹாரி கோல்ட்பிளாட், நாய்களின் சிறுநீரகத்துக்குப் போகும் தமனியை ஒரு கிளிப்பால் சற்றே இறுக்கினார். நாய்களுக்கு நிரந்தரமாக ரத்தக் கொதிப்பு வந்தது. ரத்த வரத்து குறைந்ததும் சிறுநீரகம் பதறி எதையோ வெளியிடுகிறது என்று புரிந்தது. எல்லோரும் பழைய முயல் கட்டுரையைத் தேடி எடுத்தார்கள்.

1940-ஐ ஒட்டி, அர்ஜென்டினாவில் பிரவுன் மெனெண்டஸ் குழுவும் அமெரிக்காவில் இர்வின் பேஜ் குழுவும் தனித்தனியே ஒரே உண்மையைக் கண்டன. ரெனின் நேராக அழுத்தத்தை ஏற்றுவதில்லை. அது ஒரு கத்தரி. ரத்தத்தில் ஓடும் வேறொரு புரதத்தை வெட்டுகிறது. வெட்டி விழும் துண்டுதான் குழாய்களை இறுக்குகிறது. ஒரு குழு அந்தத் துண்டை ஹைபர்டென்சின் என்றது, மற்றது ஆஞ்சியோடோனின் என்றது. நம் சங்கத்தில் சின்ன விஷயத்துக்குப் பெயர் வைக்க எத்தனை கூட்டம் போடுகிறோம் என்பது உங்களுக்குத் தெரியும். இவர்களுக்கு ஏறக்குறைய 18 வருடம் ஆயிற்று. 1958-இல் இரண்டு பெயரிலும் பாதிப் பாதி எடுத்து ஆஞ்சியோடென்சின் என்று சமாதானமானார்கள்.

இந்தச் சங்கிலியை மட்டும் ஒருமுறை நிதானமாகப் படித்துவிடுங்கள். கல்லீரல் ஒரு பெரிய புரதத்தைச் செய்து ரத்தத்தில் விடுகிறது. அதன் பெயர் ஆஞ்சியோடென்சினோஜென். இதுதான் கச்சாப்பொருள். சிறுநீரகத்தின் ரெனின் அதன் நுனியை வெட்டுகிறது. வெட்டிய துண்டை ஏ.சி.இ. என்ற இன்னொரு கத்தரி மேலும் சிறிதாக நறுக்குகிறது. அந்தச் சிறு துண்டு குழாய்ச் சுவரில் உள்ள ஏற்பியில் போய் உட்காருகிறது. குழாய் இறுகுகிறது. உடம்பு உப்பைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. அழுத்தம் ஏறுகிறது. ரத்தம் இழந்தாலோ உடம்பில் நீர் வற்றினாலோ நம்மை உயிரோடு வைத்திருக்க ஏற்பட்ட அமைப்பு இது. வேண்டாத நேரத்திலும் வேலை செய்தால்தான் நோய்.

1960-களில் பிரேசிலின் செர்ஜியோ ஃபெரெய்ரா, ஜராராகா என்ற விரியன் பாம்பின் நஞ்சில் ஒரு பொருளைக் கண்டார். அது ஏ.சி.இ. கத்தரியை மழுங்கடித்தது. அதைப் பின்பற்றி உருவான கேப்டோப்ரில் மாத்திரை 1981-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ஏற்பியை அடைக்கும் லோசார்ட்டான் 1995-இல் வந்தது. உங்கள் மாத்திரை அட்டையை எடுத்துப் பாருங்கள். மருந்தின் பெயர் "பிரில்" என்று முடிந்தால் அது பாம்பின் பரம்பரை. "சார்ட்டான்" என்று முடிந்தால் ஏற்பியை அடைப்பது.

இவை நல்ல மருந்துகள். ஆனால் சங்கிலியின் கீழ்க்கண்ணியை அடைத்தால், அழுத்தம் போதவில்லை என்று நினைத்துச் சிறுநீரகம் மேலே ரெனினை இன்னும் அதிகமாகச் சுரக்கிறது. ஒரு பக்கம் நாம் அடைக்க, மறுபக்கம் உடம்பு முண்டுகிறது. சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்? அகப்பையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருக்காமல் சட்டியையே காலியாக வைத்தால் என்ன என்று சிலர் யோசித்தார்கள். சட்டி என்பது கல்லீரல் செய்யும் ஆஞ்சியோடென்சினோஜென்.

அந்தச் சட்டி உண்மையிலேயே முக்கியமானதா என்பதை மரபணுக்கள் சொல்லின. ரத்தக் கொதிப்புள்ள சகோதர சகோதரிகளை ஆராய்ந்த பாரிஸ், யூட்டா ஆய்வாளர்கள், ஆஞ்சியோடென்சினோஜென் மரபணுவில் உள்ள வேறுபாடுகளுக்கும் கொதிப்புக்கும் தொடர்பிருப்பதை 1992-இல் காட்டினார்கள். 1995-இல் ஆலிவர் ஸ்மித்தீஸ் குழு, அந்த மரபணுவின் பிரதிகள் கூடியும் குறைந்தும் இருக்கும் சுண்டெலிகளை உருவாக்கியது. ஒவ்வொரு பிரதி கூடும்போதும் அழுத்தம் சுமார் 8 புள்ளி ஏறியது. அந்த மரபணு அறவே இல்லாத எலிகளில் பல, குட்டியிலேயே இறந்தன. ஆகவே அதை வேரோடு பிடுங்கிப் போடவும் கூடாது. குறைக்கலாம், அவ்வளவுதான்.

மூலப் பத்திரமும் ஜெராக்ஸும்

மரபணுவை "ஆஃப்" செய்வது என்றால் என்ன? நம் எல்லோர் வீட்டிலும் மூலப் பத்திரம் லாக்கரில் இருக்கும். வெளி வேலைக்கு ஜெராக்ஸ்தான் போகும். செல்லிலும் அப்படித்தான். மூலப் பத்திரம் டி.என்.ஏ. அது உட்கருவை விட்டு வெளியே வருவதில்லை. புரதம் செய்ய வேண்டியபோது அதிலிருந்து ஒரு நகல் எடுத்து வெளியே அனுப்பப்படுகிறது. அந்த நகலுக்குத் தூது ஆர்.என்.ஏ. என்று பெயர். மௌனமாக்கும் மருந்துகள் இந்த நகலைத்தான் கிழிக்கின்றன. மூலப் பத்திரத்தில் ஓர் எழுத்தும் மாறுவதில்லை. அதனால்தான் மருந்தின் வேகம் தீர்ந்ததும் புதிய நகல்கள் வரத் தொடங்கி, புரதமும் திரும்ப வருகிறது. வீடியோ பார்த்துவிட்டு, பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் மரபணு மாறிப்போகுமா என்று கேட்டவர்களுக்கு இதுவே பதில்.

நகலை மடக்கலாம் என்ற யோசனை 1978-இல் பிறந்தது. அமெரிக்காவில் பால் ஜமெக்னிக்கும் மேரி ஸ்டீபன்சனும், ஒரு வைரஸின் நகலோடு ஜிப்பின் இருபக்கப் பற்களைப்போல் பொருந்தும் குட்டித் துணுக்கைச் செய்து, அந்த வைரஸ் பெருகாமல் தடுத்தார்கள். ரத்தக் கொதிப்புக்கு இதை முதலில் முயன்றவர்களில் முக்கியமானவர் புளோரிடா பல்கலைக்கழகத்தின் இயான் பிலிப்ஸ். ஜப்பானில் 1963-இல் ஒகாமோட்டோ, அயோகி இருவரும் பிறவியிலேயே கொதிப்பு வரும் எலி இனத்தை உருவாக்கியிருந்தார்கள். அந்த எலிகளின் மூளையில் பிலிப்ஸ் குழு இத்தகைய துணுக்குகளைச் செலுத்தியது. ஆஞ்சியோடென்சினோஜெனின் நகலையும் ஏற்பியின் நகலையும் மடக்கியபோது அழுத்தம் இறங்கியதாக 1993-இல் எழுதினார்கள். ஒரு ஊசி போட்டால் நாள்கணக்கில், வாரக்கணக்கில் நிற்கும் சிகிச்சை வேண்டும் என்பது அவர்களின் கனவு. காரணம் அவர்களுக்கும் தெரிந்ததுதான்: மனிதர்கள் மாத்திரையை மறப்பார்கள்.

எலியின் மூளையில் ஊசி போடலாம். நமக்கு முடியாது. துணுக்கை உரிய இடத்துக்குக் கொண்டுசேர்க்கத் தெரியாமல் அந்த வழி வெகுநாள் தேங்கி நின்றது.

வெளுத்துப்போன பூ

அடுத்த திறப்பு ஒரு பூந்தொட்டியில் கிடைத்தது. கலிபோர்னியாவில் ரிச்சர்ட் ஜார்கென்சன் குழு, பெட்டூனியாப் பூவின் ஊதா நிறத்தை இன்னும் அடர்த்தியாக்க, நிறத்துக்கான மரபணுவைக் கூடுதலாகச் சேர்த்தது. பூக்கள் அடர்ஊதாவாகவில்லை. பல வெள்ளையாகவே பூத்தன. சேர்த்த மரபணுவும் வேலை செய்யவில்லை, செடியின் சொந்த மரபணுவும் வாயை மூடிக்கொண்டது. இது 1990-இல் வெளிவந்தது. ஏன் என்று உடனே யாருக்கும் விளங்கவில்லை.

விடை 1998-இல் ஒரு மில்லிமீட்டர் நீளமுள்ள புழுவிலிருந்து வந்தது. ஆண்ட்ரூ ஃபயரும் கிரேக் மெல்லோவும், இரட்டை இழை ஆர்.என்.ஏ.வைப் புழுவுக்குள் செலுத்தினால் அதற்குப் பொருந்தும் மரபணு மௌனமாகிவிடுகிறது என்று காட்டினார்கள். செல்லுக்குள்ளேயே நகல்களைக் கிழிக்கும் ஒரு காவல் அமைப்பு இருக்கிறது. எந்த நகலைக் கிழிக்க வேண்டும் என்று நாம் அடையாளம் காட்டினால் போதும், மீதியைச் செல்லே செய்துகொள்ளும். எட்டே வருடத்தில், 2006-இல், இருவருக்கும் நோபல் பரிசு. 2001-இல் தாமஸ் டூஷல் குழு, இருபத்தொரு எழுத்து அளவுள்ள குட்டி இரட்டை இழைகளால் மனித செல்களிலும் இதைச் செய்ய முடியும் என்று நிரூபித்தது.

பணம் கொட்டியது. பிறகு வற்றியது. ரோஷ் நிறுவனம் 2007-இல் இந்தத் துறையில் 30 கோடி டாலருக்கு மேல் போட்டு, 2010-இல் கைகழுவியது. இடையூறு பழையதுதான்: துணுக்கைச் சரியான உறுப்புக்கு அனுப்புவது எப்படி? வெறும் ஆர்.என்.ஏ.வை ரத்தத்தில் விட்டால் நிமிடங்களில் சிதைந்துவிடும். முதல் மருந்தான பட்டிசிரான் 2018-இல்தான் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அது அரிதான ஒரு நரம்பு நோய்க்கானது. கொழுப்புக் குமிழிக்குள் வைத்து மூன்று வாரத்துக்கு ஒருமுறை சிரை வழியே ஏற்ற வேண்டும்.

பெரிய மாற்றம் ஒரு சர்க்கரையால் வந்தது. கல்லீரல் செல்களின் மேல் ஒருவகைச் சர்க்கரையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொள்ளும் ஏற்பிகள் ஏராளமாக உண்டு. அந்தச் சர்க்கரையைத் துணுக்கின் வாலில் கோத்துவிட்டார்கள். விலாசம் எழுதிய கடிதம்போல் அது நேராகக் கல்லீரலுக்குப் போனது. சாதாரணமாகத் தோலுக்கடியில் போடும் ஊசியே போதும் என்றாயிற்று. துணுக்கு எளிதில் சிதையாதபடி வேதியியல் மாற்றங்களும் செய்தார்கள். ஒரே துணுக்கு நூற்றுக்கணக்கில் நகல்களைக் கிழிக்க வல்லது. எனவே ஒரு ஊசி மாதக்கணக்கில் நிற்கிறது. கெட்ட கொழுப்பைக் குறைக்கும் இன்கிளிசிரான் இப்படித்தான், தொடக்க ஊசிகளுக்குப் பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறை போடப்படுகிறது. 2020 இறுதியில் ஐரோப்பா அதற்கு அனுமதி தந்தது.

இங்கேதான் இரண்டு கதைகளும் சந்திக்கின்றன. நம் சட்டி, அதாவது ஆஞ்சியோடென்சினோஜென், பெரும்பாலும் கல்லீரலில்தானே தயாராகிறது?

ஊசி இன்று எங்கே நிற்கிறது

அந்த ஊசியின் பெயர் ஜிலிபெசிரான். அமெரிக்காவின் அல்நைலம் நிறுவனத்தின் உருவாக்கம். 2010-இல் இந்தத் துறையைக் கைவிட்ட ரோஷ், 2023-இல் இதற்காக 31 கோடி டாலர் முன்பணம் கொடுத்துக் கூட்டுச் சேர்ந்தது.

2023 ஜூலையில் வெளியான முதற்கட்ட ஆய்வில் 107 பேர். அதிக அளவு மருந்து பெற்றவர்களுக்கு ரத்தத்தில் ஆஞ்சியோடென்சினோஜென் 90 சதவீதத்துக்கு மேல் குறைந்தது. 200 மில்லிகிராமோ அதற்கு மேலோ ஒரே ஒரு ஊசி போட்டவர்களுக்கு மேல் அளவு 10 புள்ளிக்கு மேல் இறங்கி, 24 வாரம் வரை இரவு பகலாக அப்படியே நின்றது. 2024-இல் வெளியான இரண்டாம் கட்ட ஆய்வில் 394 பேர். மூன்றாம் மாத முடிவில், வெற்று ஊசி போட்டவர்களைவிட இவர்களுக்கு 14 முதல் 17 புள்ளி வரை குறைவு.

இதுவரை வீடியோவும் சொல்கிறது. இதற்கு மேல் சொல்லாதவை சில உண்டு.

ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு இந்த ஊசியைக் கூடுதலாகப் போட்டுப் பார்த்தார்கள். உப்பை வெளியேற்றும் மாத்திரையோடு 12 புள்ளி, அம்லோடிபினோடு 10 புள்ளி அளவுக்குக் கூடுதல் பலன். ஓல்மிசார்ட்டானோடு 4 புள்ளிதான். ஏற்பியை அடைத்திருக்கும் வீட்டில் சட்டியைக் காலி செய்து பெரிய லாபமில்லை என்பதே பொருள். 2025 ஆகஸ்டில் வெளியான மற்றோர் ஆய்வில், இரண்டு முதல் நான்கு மாத்திரை சாப்பிட்டும் கட்டுக்குள் வராத, இதய ஆபத்து மிகுந்தவர்களிடம் சுமார் 5 புள்ளிதான் கூடுதலாகக் குறைந்தது. முன்கூட்டி வகுத்த புள்ளியியல் அளவுகோலை அது எட்டவில்லை. இதே சட்டியைக் குறிவைத்த, பழைய ஒற்றை இழை முறையிலான இன்னொரு மருந்தின் சிறு ஆய்வுகள் 2021-இல் வெளிவந்தன. அதில் புரதம் குறைந்தது, ஆனால் அழுத்தம் குறைந்ததாக உறுதிசெய்ய முடியவில்லை.

எண் இறங்கினால் மட்டும் போதாது. மாரடைப்பும் பக்கவாதமும் குறைகின்றனவா என்று பார்க்க வேண்டும். அதற்காகச் சுமார் 11,000 பேரைக் கொண்ட இறுதிக்கட்ட ஆய்வு இப்போதுதான் தொடங்கியிருக்கிறது. அது முடியச் சில வருடங்கள் ஆகும். இதை எழுதும்வரை இந்த ஊசியை ரத்தக் கொதிப்புக்காக விற்க எந்த நாட்டிலும் அனுமதியில்லை. யாராவது விற்றால் நம்பாதீர்கள்.

விட்ட அம்பு

இன்னொரு கேள்வியும் இருக்கிறது. அந்த ஊசியின் பலமே ஆறு மாதம் நிற்பதுதான். அதுவே அதன் அச்சமும். மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை என்றால் நாளை முதல் நிறுத்தலாம். ஊசி விட்ட அம்பு. விபத்தில் ரத்தம் நிறையப் போனால், கடும் கிருமித்தொற்றில் அழுத்தம் சரிந்தால், வாந்தி பேதியில் நீர் வற்றினால், உடம்பு முதலில் தேடுவது இந்தச் சங்கிலியைத்தான். அப்போது சட்டி காலியாக இருந்தால் என்ன செய்வது? பிரில், சார்ட்டான் மாத்திரைகள் கருவிலிருக்கும் குழந்தைக்குக் கேடு செய்யும் என்பது தெரிந்த விஷயம். மாதக்கணக்கில் நிற்கும் ஊசி என்றால் இளம்பெண்கள் விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும்.

ஆய்வாளர்கள் இதை மறந்துவிடவில்லை. முதற்கட்ட ஆய்வில், அழுத்தம் மிகச் சரிந்து யாருக்கும் சிகிச்சை தேவைப்படவில்லை. கிழிக்கும் துணுக்கையே மடக்கி, மௌனத்தைக் கலைக்கும் எதிர்த்துணுக்குகளை 2018-இல் விலங்குகளில் செய்து காட்டியிருக்கிறார்கள். ஆனாலும் ஆயிரக்கணக்கானவர்களை வருடக்கணக்கில் கவனித்த பிறகுதான் நிம்மதியாகச் சொல்ல முடியும்.

சுவையான செய்தி ஒன்று. அதே முதற்கட்ட ஆய்வில் ஊசி போட்ட சிலருக்கு உப்பு மிகுந்த சாப்பாடு கொடுத்துப் பார்த்தார்கள். மருந்து இறக்கிய அழுத்தத்தை உப்பு மீண்டும் ஏற்றியது. மரபணுவின் வாயை அடைத்தாலும் நம் வாயை நாம்தான் அடைக்க வேண்டும். ஊறுகாயும் அப்பளமும் வடகமும் அந்த ஊசிக்கு அடங்க மாட்டா.

எட்டாயிரம் மாத்திரை

சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட சென்னை நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளையும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சேர்ந்து நடத்திய நாடு தழுவிய ஆய்வின் முடிவு 2023-இல் வெளிவந்தது. இந்தியாவில் வயதுவந்தோரில் 35.5 சதவீதம் பேருக்கு ரத்தக் கொதிப்பு. நம் முகாமில் மூன்று பேருக்கு ஒருவர் என்று வந்ததில் வியப்பில்லை. உலக அளவில் கொதிப்புள்ளவர்களில் ஐந்தில் ஒருவருக்குத்தான் அது கட்டுக்குள் இருக்கிறது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. மருந்து இல்லாமல் அல்ல. பலருக்கு நோய் இருப்பதே தெரியாது. தெரிந்தவர்களில் பலர், "இப்போ நல்லாத்தானே இருக்கு" என்று விட்டுவிடுகிறார்கள். கொதிப்பு வலிக்காது. ஒருநாள் திடீரென்றுதான் தெரியும். 2021 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் மாத்திரையை வீட்டுவாசலுக்கே கொண்டுவந்து கொடுக்க வேண்டியிருப்பதும் இதனால்தான்.

ஆகவே என் பி பிளாக் நண்பரின் சலிப்பை நான் குறை சொல்ல மாட்டேன். எட்டாயிரம் முறை தண்ணீர் டம்ளரைக் கையில் எடுப்பது சின்ன விஷயமல்ல. அந்தச் சலிப்பைப் புரிந்துகொண்டுதான் புளோரிடாவில் எலிகளோடு தொடங்கி முப்பது வருடமாக விஞ்ஞானிகள் பாடுபடுகிறார்கள். ஆனால் அவருக்கு நான் சொன்னது இது: "அந்த எட்டாயிரம் மாத்திரையும் வீண் இல்லை சார். ரூஸ்வெல்டுக்குக் கிடைக்காத பதினோரு வருஷம் அது." அவர் சிரித்துவிட்டு, மறுநாளே தன் மருத்துவரைப் பார்த்தார். நிறுத்திய மாத்திரைகளை அவராகத் தொடங்கவில்லை. மருத்துவர் அளவை மாற்றிக் கொடுத்திருக்கிறார். போன ஞாயிறு பார்த்தபோது 146/88. இன்னும் இறங்க வேண்டும். இறங்கும்.

நீங்களும் ஊசிக்காகக் காத்திருங்கள். நானும் காத்திருக்கிறேன். ஆனால் மாத்திரையோடு காத்திருப்போம். மாத்திரையை மாற்றுவதோ நிறுத்துவதோ உங்கள் மருத்துவர் சொல்லித்தான் நடக்க வேண்டும். வாட்ஸ்அப் சொல்லி அல்ல.

முகாம் வழக்கம்போல் ஒவ்வொரு மாதமும் இரண்டாம் ஞாயிறு காலை 7 மணிக்குச் சமுதாயக் கூடத்தில் நடக்கும். வரும்போது மாத்திரை அட்டையைக் கையில் எடுத்து வாருங்கள். அளப்பதற்கு அரை மணி நேரம் முன்பிருந்து காபி வேண்டாம். நோட்டோடு நான் அங்கே இருப்பேன்.